ஆறு மாதத்தில் மாறும் ரத்தம்: மரபணுக்களை செல் எப்படி ஆள்கிறது?

சிக்கிள் செல் நோயோடு பிறக்கும் குழந்தையைப் பார்த்தால், பிறந்த புதிதில் யாருக்கும் சந்தேகம் வராது. நன்றாகப் பால் குடிக்கும், எடை ஏறும், தடுப்பூசிக்குக் கொண்டுபோனால் எல்லாக் குழந்தையையும் போல அழுதுவிட்டு ஓயும். ஐந்தாறு மாதம் கழித்து ஒரு நாள் அதன் கைவிரல்களும் பாதங்களும் வீங்கிக்கொள்ளும். தொட்டாலே வீறிடும். எங்கேயாவது இடித்துக்கொண்டதோ, பூச்சி எதுவும் கடித்ததோ என்றுதான் வீட்டில் முதலில் நினைப்பார்கள். ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாத பீட்டா தலசீமியா என்ற நோய் தீவிரமாக உள்ள குழந்தையும் ஏறத்தாழ இதே கணக்குதான். அரை வயது வரை கொழுகொழுவென்று இருந்துவிட்டு, அப்புறம் மெல்ல வெளுக்கும், சோர்ந்து விழும், மண்ணீரல் பெருத்து வயிறு உப்பும்.

இரண்டுமே பரம்பரை நோய்கள். கோளாறு கருவான நாளிலிருந்தே டிஎன்ஏவில் இருக்கிறது. அப்படியானால் முதல் ஆறு மாதம் அந்தக் குழந்தையைக் காப்பாற்றியது எது?

1948-ல் நியூயார்க் புரூக்ளினைச் சேர்ந்த ஜேனட் வாட்சன் என்ற குழந்தை மருத்துவர் இதைக் கவனித்தார். சிக்கிள் செல் குழந்தைகளின் ரத்தத்தைப் பிறந்தவுடன் எடுத்துப் பார்த்தால், அரிவாள் போல வளையும் சிவப்பணுக்கள் மிகச் சொற்பமாகவே இருந்தன. மாதங்கள் போகப் போகத்தான் அவை பெருகின. கருவில் இருக்கும்போது உடம்பு தயாரிக்கும் ஹீமோகுளோபின் வேறு வகை, அதுதான் குழந்தையைக் காக்கிறது என்று அவர் ஊகித்தார். ஊகம் சரிதான். அந்தக் கரு ஹீமோகுளோபினை உடம்பு ஏன் நிறுத்துகிறது, யார் நிறுத்துகிறார்கள், திரும்பத் தொடங்க முடியுமா என்ற கேள்விகளுக்கு விடை கிடைக்க இன்னும் அறுபது ஆண்டுகள் ஆயின. செல் தன் மரபணுக்களை எப்படி ஆள்கிறது என்பதற்கு மனித உடம்பில் இதைவிட நன்றாகத் துருவிப் பார்க்கப்பட்ட உதாரணம் இல்லை. ரத்தம் எடுப்பது எளிது என்பதும் ஒரு காரணம். மூளையிலோ ஈரலிலோ இப்படி நினைத்தபோதெல்லாம் எடுத்துப் பார்க்க முடியாது.

மரபணு என்றாலே "எதில் பிழை?" என்று கேட்கத்தான் நாம் பழகியிருக்கிறோம். பள்ளிக்கூடப் பாடமும் செய்தித்தாளும் அப்படிப் பழக்கிவிட்டன. குண்டாவதற்கு ஒரு மரபணு, கோபத்துக்கு ஒரு மரபணு என்று தலைப்புப் போட்டுப் போட்டு ஒரு முழு ஓட்டத்தையே மறைத்துவிட்டார்கள். எந்த மரபணு என்பதோடு சேர்த்து எப்போது, எங்கே, எவ்வளவு என்றும் கேட்டால்தான் பாதிக்கு மேற்பட்ட விஷயங்கள் புரியவே ஆரம்பிக்கும்.

ஒரே டிஎன்ஏ, வேறு வேறு செல்கள்

உடம்பில் ஏறத்தாழ எல்லாச் செல்லிலும் ஒரே டிஎன்ஏதான். தாய்வழியாக 300 கோடி எழுத்து, தந்தைவழியாக 300 கோடி எழுத்து. நீட்டிப் பிடித்தால் இரண்டு மீட்டர் வரும். இதில் புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் சுமார் 20,000. மொத்த நீளத்தில் அவற்றின் புரதக் குறிப்பு 2 சதவீதம்கூட இல்லை. தோல் செல்லிலும் ஹீமோகுளோபின் மரபணு இருக்கிறது. அங்கே அது மூடிக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

தேவையில்லாத மரபணுக்களை ஒவ்வொரு செல்லும் தூக்கி எறிந்துவிடுகிறதோ என்ற சந்தேகம் ஒரு காலத்தில் இருந்தது. ஜான் கர்டன் தவளையை வைத்து அதைத் தீர்த்தார். தலைப்பிரட்டையின் குடல் செல்லிலிருந்து உட்கருவை எடுத்து, உட்கரு நீக்கிய முட்டைக்குள் வைத்தபோது, சில முட்டைகள் முழுத் தவளையாகவே வளர்ந்தன. 1962-ல் வெளிவந்த ஆய்வு அது. குடல் செல்லுக்குள் கண்ணுக்கும் காலுக்கும் வேண்டிய எல்லாக் குறிப்பும் பத்திரமாக இருந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கு நோபல் பரிசு 2012-ல்தான் வந்தது, ஷின்யா யமனகாவோடு சேர்த்து.

எதைத் திறப்பது, எதை மூடுவது என்ற வேலை எப்படி நடக்கிறது என்பதற்கு முதல் தெளிவான விடை பாக்டீரியாவிலிருந்து வந்தது. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவா ஜாகோப், ஜாக் மோனோ இருவரும் ஈ.கோலை பாக்டீரியா பால் சர்க்கரையைச் செரிக்கும் விதத்தை ஆராய்ந்தார்கள். லாக்டோஸ் இல்லாதபோது ஒரு புரதம் டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடத்தில் உட்கார்ந்து, செரிக்கும் மரபணுக்களின் வழியை அடைத்துக்கொள்ளும். லாக்டோஸ் வந்தால் அதிலிருந்து உருவாகும் ஒரு மூலக்கூறு அந்தப் புரதத்தைப் பிடித்து அப்புறப்படுத்தும், வழி திறக்கும். 1961-ல் அவர்கள் எழுதியது இது. 1965-ல் ஆந்த்ரே லுவோஃபோடு நோபல் கிடைத்தது. எந்த நொதியையும் தயாரிக்காமல், வேறு மரபணுவை அடக்குவதற்கென்றே ஒரு மரபணு இருக்கலாம் என்ற எண்ணம் அப்போதுதான் நிலைபெற்றது.

மனித செல்லில் இதே தத்துவம்தான், ஆனால் அடுக்குகள் அதிகம். டிஎன்ஏ நூல் ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் சுற்றிக் கிடக்கிறது. இறுக்கமாகச் சுற்றிய பகுதிக்குள் எதுவும் நுழைய முடியாது. எழுத்துகளின் மேலேயே மெத்தில் என்ற சின்ன வேதிக்குறி ஒட்டியிருந்தால், பெரும்பாலும் அந்த மரபணு அடங்கிவிடும். ஒவ்வொரு மரபணுவின் வாசலிலும் புரோமோட்டர் என்ற பகுதி உண்டு. ஆர்என்ஏ பாலிமரேஸ் என்ற நொதி அங்கே வந்து அமர்ந்துதான் நகல் எடுக்கத் தொடங்கும். அது அமர்வதா வேண்டாமா என்பதை டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் எனப்படும் புரதங்கள் தீர்மானிக்கின்றன. மனிதரில் இவை சுமார் 1,600 வகை. இவற்றில் பல, மரபணுவுக்குப் பக்கத்தில்கூட உட்காருவதில்லை. பல ஆயிரம் எழுத்து, சில சமயம் பல லட்சம் எழுத்து தள்ளி இருக்கும் என்ஹான்ஸர் என்ற துண்டில் கூடுகின்றன. டிஎன்ஏ வளைந்து கொடுக்க, அந்தத் துண்டு வாசலுக்கு அருகே வருகிறது.

நகல் எடுத்ததோடும் முடியவில்லை. ஆர்என்ஏ என்ற அந்த நகலிலிருந்து வேண்டாத பகுதிகளை வெட்டி ஒட்ட வேண்டும். அதைப் புரதமாக்கலாமா என்று மறுபடி ஒரு தணிக்கை. மைக்ரோ ஆர்என்ஏ என்ற குட்டி ஆர்என்ஏக்கள் செய்யும் தணிக்கை இந்த வகை. அவற்றைக் கண்டுபிடித்ததற்குத்தான் விக்டர் ஆம்ப்ரோஸுக்கும் கேரி ருவ்குனுக்கும் 2024-ல் நோபல். கடைசியில் தயாரான புரதத்தையும் செல் வேண்டாமென்றால் சிதைத்துவிடும். இத்தனை இடத்தில் கை வைக்கலாம் என்றால், இத்தனை இடத்திலும் கோளாறு வரலாம்.

ஒரே மோட்டார், ஐந்து குழாய்

சரி, ரத்தத்துக்கு வருவோம். பெரியவர்களின் ஹீமோகுளோபினில் இரண்டு ஆல்ஃபா சங்கிலி, இரண்டு பீட்டா சங்கிலி. கருவில் பீட்டாவுக்குப் பதில் காமா. பீட்டா குடும்பத்தில் வேலை செய்யும் மரபணுக்கள் ஐந்து; 11-ஆவது குரோமோசோமில் அடுத்தடுத்து இருக்கின்றன: முதலில் எப்சிலான், பிறகு இரண்டு காமா, டெல்டா, கடைசியில் பீட்டா. வாழ்க்கையில் எந்த வரிசையில் தேவைப்படுகின்றனவோ, கிட்டத்தட்ட அதே வரிசை. கரு உருவான முதல் வாரங்களில் எப்சிலான். பிறகு கருவின் ஈரலில் ரத்தம் உற்பத்தியாகும் மாதங்களில் காமா. பிறப்பையொட்டி, எலும்பு மஜ்ஜையில் பீட்டா. டெல்டாவின் பங்கு கடைசிவரை சொற்பம்தான்.

காமாவுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. கரு தானாக மூச்சுவிடுவதில்லை. தாயின் ரத்தத்திலிருந்துதான் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ள வேண்டும். கரு ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சற்று இறுக்கமாகப் பிடிக்கும். பிறந்த பிறகு இந்தச் சலுகை தேவையில்லை. பிறக்கும்போது மொத்தத்தில் பெரும்பங்காக இருக்கும் கரு ஹீமோகுளோபின், ஆறு மாதத்தில் மிகவும் குறைந்து, பெரியவர்களில் ஒரு சதவீத அளவில் நின்றுவிடுகிறது. சிக்கிள் செல்லிலும் பீட்டா தலசீமியாவிலும் பிழை பீட்டா மரபணுவில். பீட்டா வேலைக்கு வராத வரை பிழை வெளியே தெரியாது. குழந்தைக்குக் கிடைத்த ஆறு மாத அவகாசம் இதுதான்.

இந்த ஐந்து மரபணுக்களுக்கும் பொதுவாக, வரிசைக்கு வெளியே ஒரு பெரிய என்ஹான்ஸர் தொகுப்பு இருக்கிறது. பீட்டாவிலிருந்து சுமார் 50,000 எழுத்து தள்ளி. வீட்டுக்கு ஒரே மோட்டார், ஒவ்வொரு தளத்துக்கும் தனிக் குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தளக் குழாயைத் திறந்துவிட்டால் மாடிக்குத் தண்ணீர் ஏறாது. அந்த என்ஹான்ஸர் தொகுப்பு காமாவின் வாசலைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரை பீட்டாவுக்குப் போதுமான வேகம் கிடைக்காது. காமாவை அடைத்தால்தான் அது பீட்டாவின் பக்கம் வரும். இது வெறும் கற்பனைப் படமில்லை. 2014-ல் ஃபிலடெல்ஃபியாவில் கெர்ட் ப்ளோபலின் குழு, பெரியவர்களின் ரத்த செல்களில் அந்தத் தொகுப்பை வலுக்கட்டாயமாகக் காமாவின் வாசலுக்கு வளைத்துக் கட்டிப் பார்த்தது. காமா எழுந்தது, பீட்டா அந்த அளவுக்குத் தணிந்தது.

மோட்டாரையே கழற்றிவிட்டால் என்ன ஆகும்? அதையும் இயற்கை செய்து காட்டியிருக்கிறது. டச்சுக் குடும்பம் ஒன்றில் தலசீமியா. மரபணுவைப் படித்துப் பார்த்தால், பீட்டாவில் ஒரு எழுத்துகூடப் பிழையில்லை. ஆனால் அதற்கு முன்னால் சுமார் ஒரு லட்சம் எழுத்து நீளத்துக்கு டிஎன்ஏவே காணோம். என்ஹான்ஸர் தொகுப்பும் அதோடு போய்விட்டது. பிழையற்ற பீட்டா ஊமையாக உட்கார்ந்திருந்தது. 1983-ல் இதை விவரித்த குழுவில் இருந்த ஃபிராங்க் க்ரோஸ்வெல்ட், 1987-ல் அந்தத் தொகுப்பைத் தனியாகப் பிரித்தெடுத்து, எலியில் வைத்து, அதன் பலத்தை நிரூபித்தார். என்னைக் கேட்டால், "மரபணு சரியாக இருந்தால் போதும்" என்ற நம்பிக்கையை உடைத்த ஆய்வுகளில் இது முதல் வரிசையில் வரும்.

இதைவிட வினோதமானது மெலனீசியாவில் கிடைத்தது. அங்கே ஒரு வகை ஆல்ஃபா தலசீமியா. ஆல்ஃபா மரபணுக்கள் ஒழுங்காக இருக்கின்றன, அவற்றின் என்ஹான்ஸரும் ஒழுங்காக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, எதற்கும் உதவாத வெற்றுப் பகுதியில் ஒரே ஒரு எழுத்து மாறி, அங்கே புதிதாக ஒரு வாசல் முளைத்துவிட்டது. நடுவழியில் குழாயில் ஓட்டை போட்டுத் தண்ணீர் எடுப்பதைப்போல, அந்தப் போலி வாசல் என்ஹான்ஸரின் வேகத்தை உறிஞ்சிக்கொண்டது. ஆல்ஃபாவுக்கு மிச்சம்தான் கிடைத்தது. ஆக்ஸ்ஃபோர்டு குழு 2006-ல் இதை வெளியிட்டது.

இந்தியாவில் பீட்டா தலசீமியாவுக்குக் காரணமான பிழைகளில் மிகப் பரவலானது வெட்டி ஒட்டும் கட்டத்தில் நடப்பது. பீட்டா மரபணுவின் முதல் இடைப்பகுதியில் ஐந்தாவது எழுத்து மாறியிருக்கும். இடைப்பகுதி எப்படியும் வெட்டி வீசப்படுவதுதானே என்று தோன்றலாம். எங்கே வெட்டுவது என்று காட்டும் அடையாளத்தின் ஒரு பகுதி அந்த எழுத்து. அது மாறியதால் கத்திரி தவறான இடத்தில் விழுகிறது. சரியான ஆர்என்ஏ மிகக் கொஞ்சமே தேறுகிறது.

இதில் அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சங்கதி. பீட்டா தலசீமியாவில் பீட்டா குறைவதைவிட, ஜோடி கிடைக்காமல் மிஞ்சும் ஆல்ஃபா சங்கிலிகள்தான் பெரிய தொல்லை. அவை கட்டி தட்டி, சிவப்பணு முதிர்வதற்கு முன்பே அதைக் கொன்றுவிடுகின்றன. அதனால் பீட்டா தலசீமியாவோடு ஆல்ஃபா தலசீமியாவையும் சேர்த்து வாங்கி வந்த குழந்தைக்கு நோய் பெரும்பாலும் கடுமை குறைவாக இருக்கும். இரண்டு குறைகள் சேர்ந்து ஒரு சமநிலை. மருத்துவப் புத்தகத்தில் முதன்முறை படிக்கிறவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிப்பார்கள்.

ரத்தத்துக்கு வெளியே

கட்டுப்பாட்டுக் கோளாறு ரத்தத்தோடு நிற்பதில்லை. கட்டைவிரல் பக்கம் ஆறாவது விரலோடு பிறக்கிறவர்களை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் ஆறு விரல் என்றால் அதிர்ஷ்டம் என்பார்கள். சிலருக்குச் சுண்டுவிரல் பக்கம் கூடுதல் விரல் வரும், அது வேறு கதை. கட்டைவிரல் பக்கம் வரும் சில குடும்பங்களில் காரணம் 'சானிக் ஹெட்ஜ்ஹாக்' என்ற மரபணுவின் என்ஹான்ஸரில் ஒரே எழுத்து மாற்றம். அந்த என்ஹான்ஸர் 800 எழுத்து நீளம்தான். மரபணுவிலிருந்து சுமார் பத்து லட்சம் எழுத்து தள்ளி, சம்பந்தமே இல்லாத இன்னொரு மரபணுவுக்குள் ஒளிந்திருக்கிறது! வளரும் கையில் சுண்டுவிரல் ஓரத்தில் மட்டும் அந்த மரபணுவை எழுப்புவது அதன் வேலை. எழுத்து மாறினால் கட்டைவிரல் ஓரத்திலும் எழுப்பிவிடும். அங்கே ஒரு விரல் கூடுகிறது.

பாம்புகளுக்கும் இந்த என்ஹான்ஸர் உண்டு, ஆனால் சிதைந்துபோயிருக்கிறது. 2016-ல் எலியின் என்ஹான்ஸரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பாம்பினுடையதை வைத்தார்கள். பிறந்த எலிகளுக்குக் கால்கள் வெறும் முளைகளாக நின்றுவிட்டன. மற்றபடி உடம்பில் எந்தக் குறையும் பெரிதாக இல்லை. அந்த மரபணு மூளைக்கும் முதுகெலும்புக்கும் வேண்டியது. மரபணுவையே கெடுத்திருந்தால் எலி பிழைத்தே இருக்காது. கால்களுக்கான கட்டுப்பாட்டை மட்டும் கெடுத்ததால் கால்கள் மட்டும் போயின. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் தள்ளித் தேவைப்படும்.

புற்றுநோயில் இதன் இன்னொரு முகம். 1958-ல் டெனிஸ் பர்க்கிட் உகாண்டாக் குழந்தைகளிடம் விவரித்த தாடை வீக்கப் புற்றுநோயில், 8-ஆவது குரோமோசோமின் துண்டு முறிந்து, பெரும்பாலும் 14-ஆவதோடு ஒட்டிக்கொள்கிறது. 8-இல் இருக்கும் மிக் என்ற மரபணு, செல் பெருகச் சொல்லும் மரபணு. 14-இல் இருப்பவை ஆன்டிபாடி மரபணுக்கள். ஆன்டிபாடி தயாரிக்கும் வெள்ளையணுவான பி செல்லில் அவற்றின் என்ஹான்ஸர் ஓயாமல் வேலை செய்யும். இடம் மாறிய மிக் அந்த என்ஹான்ஸரின் பிடியில் விழுந்துவிடுகிறது. அப்புறம் செல் நிறுத்தாமல் பெருகுகிறது. கூடுதலாக எதுவும் வரவில்லை, இருந்தது வேறு இடத்துக்குப் போய்விட்டது.

கோளாறு எல்லாமே கெடுதல் என்றும் சொல்ல முடியாது. பாலூட்டிகள் எல்லாமே தாய்ப்பால் மறந்த பிறகு லாக்டேஸ் நொதியைக் குறைத்துக்கொள்ளும். ஐரோப்பாவிலும் வட இந்தியாவிலும் பலருக்கு, பக்கத்து மரபணுவுக்குள் இருக்கும் என்ஹான்ஸரில் ஒரு எழுத்து மாறியிருப்பதால், அது குறைவதே இல்லை. பெரியவர்களாகியும் டம்ளர் டம்ளராகப் பால் குடிக்கிறார்கள். தென்னிந்தியாவில் அந்த மாற்றம் குறைவு. பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்கள் இங்கே நிறைய இருப்பது அதனால்தான். மோரும் தயிரும் நமக்கு ஒத்துக்கொள்வதும் கொஞ்சம் இதோடு சேர்ந்தது, புளிக்கும்போதே லாக்டோஸ் குறைந்துவிடுகிறது.

அணையாத காமா

இந்த 'நல்ல கோளாறு' ரத்தத்திலும் இருக்கிறது. சிலருக்குக் கரு ஹீமோகுளோபின் வாழ்நாள் முழுக்க நிற்பதே இல்லை. உடம்புக்கு ஒரு குறையும் கிடையாது. வேறு எதற்காகவோ ரத்தம் பரிசோதிக்கும்போதுதான் தெரியவரும். இப்படிப்பட்டவர்கள் சிக்கிள் செல் மரபணுவையும் வாங்கி வந்திருந்தால், நோய் அவர்களைப் பெரும்பாலும் தொடுவதில்லை. ஆக்சிஜன் இறங்கிய சிக்கிள் ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று கோத்துக் கம்பியாக நீளும். அந்தக் கம்பிதான் சிவப்பணுவை வளைக்கிறது. கரு ஹீமோகுளோபின் நடுவில் கலந்திருந்தால் கம்பி நீள முடியாது.

1980-களில் இவர்களின் காமா வாசலைப் படித்தபோது, ஒற்றை எழுத்து மாற்றங்கள் சில குறிப்பிட்ட இடங்களில் திரும்பத் திரும்பக் கிடைத்தன. அங்கே யாரோ உட்கார்ந்து அடைக்க வேண்டும், எழுத்து மாறியதால் உட்கார முடியவில்லை என்பது வெளிப்படை. யார் என்பதுதான் தெரியவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் தேடினார்கள்.

ஆள் எதிர்பாராத திசையிலிருந்து சிக்கியது. கரு ஹீமோகுளோபின் சற்றுக் கூடுதலாக உள்ளவர்களையும் குறைவாக உள்ளவர்களையும் வைத்து, முழு டிஎன்ஏவையும் ஒப்பிட்டார்கள். 2007-ல் லண்டனில் ஸ்வீ லே தெய்னின் குழுவும், அடுத்த ஆண்டு சார்டினியாத் தீவில் இன்னொரு குழுவும் 2-ஆவது குரோமோசோமில் ஒரே இடத்தைக் காட்டின: பிசிஎல்11ஏ. வெள்ளையணுப் புற்றுநோய் சம்பந்தமாகப் பெயர் வைக்கப்பட்ட மரபணு அது. ஹீமோகுளோபின்காரர்கள் யாரும் அதைக் கண்டுகொண்டதில்லை. 2008-ல் போஸ்டனில் விஜய் சங்கரன், ஸ்டூவர்ட் ஆர்க்கின் குழு அந்தப் புரதத்தைக் குறைத்துப் பார்த்தது. காமா எழுந்தது. 2011-ல் சிக்கிள் செல் எலிகளில் ரத்த செல்களிலிருந்து அதை நீக்கியபோது எலிகளின் நோய் சரியானது. கருவில் இந்தப் புரதத்துக்கான ஆர்என்ஏ இருந்தும், லின்28பி என்ற இன்னொரு புரதம் அதைப் புரதமாக்க விடாமல் தடுத்து வைக்கிறது என்பது 2020-ல் தெரிந்தது. அடக்குபவரை அடக்க ஒருவர்!

அப்படியானால் பிசிஎல்11ஏவை வெட்டி எறிந்தால் முடிந்ததா? முடியாது. பி செல்கள் உருவாக அது வேண்டும், மூளை வளரவும் வேண்டும், எல்லா ரத்த அணுக்களுக்கும் தாயான ரத்த ஸ்டெம் செல்கள் நன்றாக இருக்கவும் வேண்டும். பிறவியிலேயே அதன் ஒரு பிரதி கெட்டுப்போன குழந்தைகளுக்கு அறிவுத்திறன் வளர்ச்சியில் பாதிப்பு வருகிறது.

பாம்பு என்ஹான்ஸர் எலியை இங்கே நினைத்துக்கொள்ளலாம். லண்டன், சார்டினியா ஆய்வுகள் காட்டிய எழுத்து மாற்றங்கள் பிசிஎல்11ஏவின் புரதக் குறிப்பில் இல்லை, இடைப்பகுதியில் இருந்தன. 2013-ல் டேனியல் பாவர், ஆர்க்கின் குழு அதற்குக் காரணம் கண்டது. அந்த இடைப்பகுதியில் ஒரு என்ஹான்ஸர் இருக்கிறது. சிவப்பணு வழியில் வளரும் செல்களில் மட்டும்தான் அது வேலை செய்கிறது. 2015-ல் அதே குழு அந்த என்ஹான்ஸரை, டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் என்ற கத்தரியால் வரிசையாக வெட்டி வெட்டிப் பார்த்து, மொத்த பலமும் தங்கியிருக்கும் இடத்தைப் பிடித்தது. காட்டா1 என்ற புரதம் வந்து பிடிக்கும் சில எழுத்துகள் அவை. அதை மட்டும் குலைத்தால், சிவப்பணுவில் மட்டும் பிசிஎல்11ஏ தணியும். பி செல்லுக்கோ மூளைக்கோ எதுவும் ஆகாது. பீட்டாவில் இருக்கும் மூலப் பிழையைத் தொடவே இல்லை என்பதையும் கவனியுங்கள். வைத்தியம் பிழையைத் திருத்தவில்லை. ஆறு மாதத்தில் மூடிய கதவை மறுபடி திறந்துவிட்டது.

அதுதான் இன்று காஸ்ஜெவி என்ற பெயரில் இருக்கும் சிகிச்சை. 2023 நவம்பரில் பிரிட்டனிலும் டிசம்பரில் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. கிரிஸ்பர் முறையில் உலகில் அனுமதி பெற்ற முதல் சிகிச்சை. அமெரிக்காவில் சிக்கிள் செல்லுக்காக முதலில் இதை ஏற்றுக்கொண்டவர் மிசிசிப்பியைச் சேர்ந்த விக்டோரியா கிரே, 2019-ல். அமெரிக்க அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில், போதிய காலம் பின்தொடர்ந்து மதிப்பிட முடிந்த 31 பேரில் 29 பேருக்குத் தொடர்ந்து ஓராண்டாவது கடும் வலித் தாக்குதல் வரவில்லை. அவர்களின் ரத்தத்தில் கரு ஹீமோகுளோபின் சுமார் 40 சதவீதம் வரை ஏறியிருந்தது.

கேட்க அழகாக இருக்கிறது, உடம்பு படும் பாடு வேறு. முதலில் ஊசி மருந்து போட்டு ஸ்டெம் செல்களை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு இறக்கி, இயந்திரம் வழியாகப் பிரித்தெடுப்பார்கள். போதவில்லையென்றால் மறுபடி வரச் சொல்வார்கள். ஆய்வகத்தில் மின்துடிப்பு கொடுத்து செல்லின் சவ்வைத் திறந்து கிரிஸ்பரை உள்ளே அனுப்பி, திருத்தி, உறைய வைத்துத் திருப்பி அனுப்ப மாதங்கள் ஆகும். பிறகு புசல்ஃபான் என்ற கீமோ மருந்தால் பழைய மஜ்ஜையை அழிக்க வேண்டும். முடி கொட்டும், வாய் புண்ணாகும், தொற்று பயம், குழந்தை பெறும் திறன் போகும் ஆபத்து. அதற்குப் பிறகுதான் திருத்திய செல்களை ஏற்றுவார்கள். அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இருக்கும் நோயாளிகளுக்கு இந்த விலை ஒரு செய்தி மட்டுமே.

நீலகிரிக்கு இதில் பழைய சம்பந்தம் உண்டு. இந்தியாவில் சிக்கிள் செல் மரபணு இருப்பதை முதலில் உலகுக்குச் சொன்னது, நீலகிரிப் பழங்குடி மக்களிடையே லேமன், கட்புஷ் இருவரும் நடத்தி 1952-ல் வெளியிட்ட ஆய்வு. இந்தியாவில் பரவியிருக்கும் வகையில் கரு ஹீமோகுளோபின் ஆப்பிரிக்க வகையைவிடக் கூடுதலாக இருக்கிறது. காமா வாசலில் உள்ள ஒரு எழுத்து மாற்றம் அதோடு சேர்ந்தே காணப்படுகிறது. அதனால் இங்கே நோய் லேசு என்று ஒரு பேச்சு நெடுநாள் ஓடியது. சராசரியில் அப்படித் தெரியலாம். வலியில் துடித்து வார்டில் படுத்திருப்பவரிடம் போய்ச் சொல்ல முடியாது. மத்திய அரசின் சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டம் 2023 ஜூலையில் தொடங்கியது. 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது குறி.

இப்போதைக்கு நம் மருத்துவமனைகளில் கைக்கு எட்டும் மருந்து ஹைட்ராக்ஸியூரியாதான், மலிவான மாத்திரை. புற்றுநோய் மருந்தாக வந்தது. கரு ஹீமோகுளோபினைக் கூட்டுவதால் சிக்கிள் செல்லுக்கு வந்து சேர்ந்தது. 1995-ல் அமெரிக்காவில் பெரிய ஆய்வொன்று, வலித் தாக்குதலை அது ஏறத்தாழப் பாதியாகக் குறைப்பதைக் காட்டியது. அதற்கும் முன்பே, 1982-ல், மெத்தில் குறியை நீக்கும் அசாசைட்டிடின் மருந்தைத் தலசீமியா நோயாளிக்குக் கொடுத்துக் காமாவை எழுப்பிப் பார்த்திருந்தார்கள். ஹைட்ராக்ஸியூரியா எல்லோருக்கும் ஒரே மாதிரி கேட்பதில்லை, ரத்த அணு எண்ணிக்கையை அடிக்கடி பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

வேலூர் சிஎம்சி வளாகத்தில் இருக்கும் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் வேறு வழியில் போகிறது. டிஎன்ஏவின் இரு இழையையும் வெட்டாமல் ஒற்றை எழுத்தை மட்டும் மாற்றும் முறையில், காமா வாசலில் எந்தெந்த எழுத்தை மாற்றினால் காமா எழும் என்று வரிசையாகச் சோதித்து, இயற்கையில் இதுவரை பார்த்திராத சில மாற்றங்களையும் அவர்கள் 2022-ல் வெளியிட்டார்கள். டெல்லியில் மத்திய அரசின் சிஎஸ்ஐஆர் அமைப்பைச் சேர்ந்த ஐஜிஐபி என்ற மரபணு ஆய்வகமும் கிரிஸ்பர் வழியில் முயல்கிறது. இரண்டுக்கும் மஜ்ஜையைக் காலி செய்யும் கட்டம் இருக்கத்தான் செய்யும்.

கீமோ இல்லாமல், மாத்திரையாலேயே காமாவைத் திறக்க முடியுமா என்பதில்தான் இப்போது பலர் கண் வைத்திருக்கிறார்கள். பிசிஎல்11ஏ போன்ற புரதங்களை மருந்தால் மடக்குவது கடினம். மருந்து மூலக்கூறு போய் உட்காரத் தோதான குழி அவற்றில் இருப்பதில்லை. அதனால் மடக்குவதை விட்டுவிட்டு, செல்லே அந்தப் புரதத்தைச் சிதைக்கும்படி மாட்டிவிடும் மருந்துகளைத் தேடுகிறார்கள். 2024-ல் நோவார்ட்டிஸ் ஆய்வாளர்கள், காமாவை அடக்குவதில் பங்குள்ள விஸ் என்ற புரதத்தைச் சிதைக்கும் மூலக்கூறு ஒன்றை வெளியிட்டார்கள். வாய்வழி கொடுத்ததில், மனித ரத்த செல் ஏற்றிய எலிகளிலும் குரங்குகளிலும் கரு ஹீமோகுளோபின் ஏறியது. ஆனால் விஸ் சிவப்பணுவில் மட்டும் இருக்கும் புரதம் இல்லை. மாத்திரை உடம்பு முழுக்கப் போகும். என்ஹான்ஸரைக் குலைத்தபோது கிடைத்த அந்த இடத்தோடு நிற்கும் தன்மை இதில் கிடையாது. மற்ற செல்கள் அதை எவ்வளவு நாள் தாங்கும் என்பதை மனிதர்களில் கொடுத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.